ஜமால் பாய் வீட்டுச் சிங்கப்பூர் மணி

இரவு இஷா தொழுகை முடிந்து வந்ததும் ஜமால் பாய் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுகிறார். "நம்ம நாலு. அதோட ரெண்டு. அஞ்சு, ஆறு. ஆறுல வெச்சா நாலுக்கு அடிக்கும். அதானே சார்?" என்று தெருவில் போகிற என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். அதேதான் என்று நான் சொன்ன பிறகும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துக்கொண்டு, அலார முள்ளைத் திருப்பி, சாவி கொடுத்து, கடிகாரத்தை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு, தான் படுக்கிற முட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மறுநாள் அவர் நாலு மணிக்கு எழுந்திருப்பார் என்று பந்தயம் கட்டப் புவனகிரியில் ஒரு ஆளும் கிடைக்கமாட்டான்.

பாய்க்கு முட்டை வியாபாரம். சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய பிரம்புக் கூடை, கூடைக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் முட்டை. கீரப்பாளையம், மருதூர், சேத்தியாத்தோப்பு என்று கிராமம் கிராமமாகப் போய் வீட்டு வாசலில் நின்று வாங்கி, சிதம்பரத்தில் ஹோட்டல்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறார். பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் கிளம்புமுன் அங்கே இருக்க வேண்டும். அவர்கள் வயலில் இறங்கிவிட்டால் வீட்டில் கோழி இருக்கும், முட்டை இருக்கும், எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. "இந்தத் தொழில்ல கோழிக்கு முன்னாடி எழுந்துக்கணும் சார். எனக்கு வாய்ச்ச ஒடம்பு, கோழி ஆணமா ஆன பொறவும் எழுந்துக்காது" என்பார். ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு.

ஆள் கட்டைகுட்டையாக இருப்பார். கட்டம் போட்ட கைலி, முண்டா பனியன், தலையில் சுற்றிய பச்சைத் துண்டு. கையைக் குழல்போல் மடக்கி முட்டையைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நல்லதென்றால் பேசாமல் வைக்கோலுக்குள் வைத்துவிடுவார். கெட்டதென்றால், "இது என்னை வுட ஜாஸ்தி தூங்கிடுச்சும்மா" என்று திருப்பிக் கொடுப்பார். கொடுத்த பெண்ணுக்கு முட்டை போனது வருத்தமாக இருந்தாலும் சிரிப்பு வந்துவிடும். வேறு யாரும் அவரைக் கேலி செய்வதற்கு முன்னால் தானே செய்துகொண்டுவிடுவது அவர் பழக்கம். அதனால் தெருவில் அவரைக் கேலி செய்ய முயன்றவர்கள் எல்லாரும் சொன்னதையே திருப்பிச் சொன்னவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

முடிவெட்டுகிற கடையில் தூங்குவார். மதகுக் கட்டையில் தூங்குவார். பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, ஒட்டுகிறவரின் முக்காலியிலேயே தூங்குவார். தன் நிக்காஹிலும் தூங்கியதாக அவரே சொல்லிக்கொள்கிறார். "மூணு தடவை சம்மதம் கேக்கணும்னு வெச்சதே என்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான். மொத ரெண்டு தடவை கேட்டது எனக்குத் தெரியாது." உள்ளேயிருந்து அவர் மனைவி சலீமா பீவியின் குரல் வரும்: "மூணாவதுக்கும் எங்க வூட்டு ஆளுங்கதான் கிள்ளிவுட்டாங்க."

எழுந்திருக்க அவர் செய்துபார்க்காத ஏற்பாடு இல்லை. முதலில் ஒரு சேவல் வாங்கினார். அது நன்றாகத்தான் கூவியது. தெருவில் எல்லாரும் எழுந்துகொண்டார்கள், பாயைத் தவிர. பத்து நாள் பொறுத்த அண்டை வீட்டார் வந்து முறையிட, சேவல் ஆணமாயிற்று. பிறகு கால் கட்டைவிரலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியே தெருவில் தொங்கவிட்டு, விடியுமுன் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும் பால்கார ஆண்டியிடம் இழுக்கச் சொல்லிவைத்தார். ஆண்டி இரண்டு நாள் ஒழுங்காக இழுத்தார். மூன்றாம் நாள் இருட்டில், கன்றைக் கட்ட வசதியாக ஒரு கயிறு தொங்குகிறதே என்று அதிலேயே கட்டிவிட்டுப் பால் கறக்க உட்கார்ந்துவிட்டார். கன்று தாயைப் பார்த்துத் துள்ள, பாய் கால் முன்னும் தலை பின்னுமாக ஜன்னல்வரைக்கும் வந்து சேர்ந்தார். "அன்னிக்கு ஒரு நாள்தான் சார் நான் டயத்துக்கு எழுந்தேன்" என்பது இதற்கு அவர் சேர்க்கும் முடிவுரை.

அதன் பிறகுதான் அக்காளின் கடிகாரத்தைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெயர்களை நான் மாற்றியிருக்கிறேன். தெருவையும் சொல்லவில்லை. புவனகிரியில் முட்டை வியாபாரிகளுக்கும் தூங்குமூஞ்சிகளுக்கும் பஞ்சமில்லாததால் யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நம்புகிறேன். அதே வீட்டில் இருக்கும் பாயின் அக்காள் ஆசியா உம்மாளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ்ப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது. எதற்கு இவ்வளவு முன்ஜாக்கிரதை என்பது போகப்போகத் தெரியும்.

ஆசியா உம்மாளின் கணவர் அப்துல் ஜலீல் சபுராளி. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களை அந்தத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையை முழுக்க அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்பதில் அந்த வீட்டுக்குப் பெருமை. போன தடவை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார் அந்தக் கடிகாரத்தை. சீனாவில் செய்தது. தலையில் இரண்டு மணிகள். முகத்தில் ஒரு கோழி, குஞ்சுகளோடு. முள் ஒவ்வொரு தடவை நகரும்போதும் கோழி குனிந்து தானியத்தைக் கொத்தும். "மச்சான் எனக்குன்னே பாத்து வாங்கியாந்திருக்காரு. இந்த ஒரு கோழிதான் முட்டை போடாது, ஆனா தூங்கவும் தூங்காது" என்பார் பாய்.

ஜலீல் வந்து இறங்கியபோது கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நம் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால். திருப்பிவைக்கலாம் என்று அவர் போனபோது ஆசியா உம்மாள், "இருக்கட்டும், நீங்க போன பொறவு அங்க என்ன மணின்னு எனக்குத் தெரியணும்" என்று தடுத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்த முள்ளை யாரும் தொட்டதில்லை. நம் ஊர் நேரத்துக்குப் பள்ளிவாசல் பாங்கு இருக்கிறது, கடிகாரம் சிங்கப்பூருக்கு.

ஆசியா உம்மாள் நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். "இப்ப கடை தொறந்திருப்பாரு." "இப்ப சோறு திங்கற நேரம்." "இப்ப கடை சாத்திட்டாரு." இங்கே எட்டு மணி ஆனதும், அங்கே பத்தாகிவிட்டது, அவர் படுத்துவிட்டார் என்று பிள்ளைகளைச் சத்தம் போடக் கூடாது என்று அடக்குவார். "கூவுனாக்கூட கடலைத் தாண்டி காதுல வுழாது லாத்தா" என்று பாய் சொல்லிப் பார்த்ததுண்டு. அதற்கு ஆசியா உம்மாள், "ஒனக்குப் பக்கத்துல கூவுனாலே வுழாது, நீ பேசாத" என்பார். லாத்தா என்றால் அக்காள். பாயின் தாய் இறந்தபோது பாய் நடைபழகிய குழந்தை. வளர்த்தது இந்த அக்காள்தான்.

ஆக, இரவல் கடிகாரம். முள்ளைத் தொடக் கூடாது. அலாரம் வைக்கக் கணக்குப் போட வேண்டும். பாய் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவர். முட்டைக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் மணியில் இரண்டைக் கூட்டுவதா கழிப்பதா என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக வருகிற பிரச்சினை. ஒரு தடவை கூட்டாமலே வைத்துவிட்டார். அது அடித்த அடியில் எழுந்து கீரப்பாளையம் போய்ச் சேர்ந்தால் ஊரே கும்மிருட்டு. வழக்கமான ஒரு வீட்டு வாசலில் நின்று, "முட்டை இருக்குதாம்மா" என்று கேட்டிருக்கிறார். கோழித் திருடன் என்று பிடித்து மரத்தில் கட்டிப்போட்டுவிட்டார்கள். விடிந்து வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தபோது அவர் கட்டியபடியே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். "திருடன் இப்படித் தூங்கமாட்டான்னு அவுத்து வுட்டாங்க சார். என் தூக்கத்தால எனக்கு வந்த ஒரே லாபம்."

நான் அதே தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கூட்டுறவு சொசைட்டி குமாஸ்தா. ஆசியா உம்மாளுக்கு வரும் கடிதங்களை வாசற்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது நான்தான். அவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார். பாயைப் பற்றி இவ்வளவு எழுதுகிற எனக்கு விடியற்காலை என்றால் என்ன என்று தெரியுமா என்று கேட்டால், தெரியாது. பாய் தெருவில் போகும்போது அடிக்கிற சைக்கிள் மணிதான் எனக்கு அலாரம். அவர் எழாத நாளில் நானும் எழுவதில்லை.

போன வருஷம் ஐப்பசியில் நடந்தது இது. சிங்கப்பூரில் கலவரம் என்று பேப்பரில் வந்ததற்குப் பிறகு ஜலீலிடமிருந்து கடிதம் வராமல் இல்லை, பணமும் வந்தது. ஆனால் கடிதங்கள் சுருங்கிவிட்டன. முன்பெல்லாம் கடையில் என்ன புதுச்சரக்கு, முதலாளி என்ன சொன்னார் என்று நாலு பக்கம் இருக்கும். இப்போது நலம், நலமறிய ஆவல், துஆச் செய்யவும். ஒவ்வொரு கடிதத்தையும் நான் முடித்த பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து அதே கேள்வி வரும்: "எப்ப வரேன்னு எழுதலியா தம்பி?" பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா" என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு ஆள் வழியாகச் சேதி வந்தது. ஜலீலோடு ஒரே கடையில் வேலை பார்த்த சின்னையன் என்பவர் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியிருக்கிறார். சேலத்துக்காரர். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ரயிலில் சிதம்பரம் வழியாகப் போகிறார், ஸ்டேஷனுக்கு வந்தால் பார்க்கலாம். மச்சானைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிற ஒரு மனிதர்! ஆசியா உம்மாள் திங்கட்கிழமை முழுவதும் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை என்று சலீமா பீவி சொன்னார்.

பாய் போவதென்று முடிவாயிற்று. எனக்கும் அன்று சிதம்பரத்தில் வேலை இருந்ததால் லீவு போட்டிருந்தேன். சேர்ந்து போகலாம் என்றேன். அவர் எழாவிட்டால் நான் எழுப்ப வேண்டும், நான் எழாவிட்டால் அவர் எழுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு பேரும் மிகவும் திருப்தியாகப் படுக்கப் போனோம்.

"சார், பால்" என்று ஆண்டி கதவைத் தட்டியபோது நான் கண் விழித்தேன். ஜன்னலில் வெயில். தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிப்போய் முட்டை அறைக் கதவை இடித்தேன்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து ஒரு சாவகாசமான குரல்.

"நான்தான் பாய். விடிஞ்சு போச்சு."

"இல்ல சார். இப்பத்தான் அடிச்சுச்சு. எட்டு காட்டுது. எட்டுல ரெண்டு போனா ஆறு. ஆறுல ரெண்டு போனா நாலு. டயம் இருக்குது."

"பாய், ரெண்டை ஒரு தடவைதான் கழிக்கணும்."

உள்ளே மறுபடி எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. பிறகு எதுவோ உருண்டது, எதுவோ உடைந்தது, கதவு திறந்தது. பாய் ஒரு கையில் கடிகாரமும் இன்னொரு கையில் கைலி முடிச்சுமாக நின்றார்.

விஷயம் இதுதான். பாய் இந்தத் தடவை ஒழுங்காக இரண்டைக் கூட்டி ஆறில் வைத்திருக்கிறார். அவர் எப்படியும் கூட்ட மறந்திருப்பார் என்று சலீமா பீவி, அவர் சாப்பிடுகிற நேரத்தில், முள் இருக்கும் இடத்தைப் பார்க்காமலே தானும் இரண்டைத் தள்ளி எட்டில் வைத்திருக்கிறார். பாங்குக்கு எழுந்த பெண்கள் இருவரும் முட்டை அறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, சைக்கிளும் வெளியே இல்லாததால், பாய் போய்விட்டார் என்று அல்லாவுக்கு நன்றி சொல்லித் தொழுதிருக்கிறார்கள். சைக்கிளும் பாயும் உள்ளே இருந்தார்கள்.

"இவரு மறந்திருப்பாருன்னுதான் வெச்சேன்" என்று சலீமா பீவி அழுதார்.

"ஒரு நாள் நான் மறக்காம இருந்தேன். அது ஒனக்குப் பொறுக்கல" என்றார் பாய். அதிலும் கோபம் இல்லை.

கதவுக்குப் பின்னால் ஆசியா உம்மாள் வந்து நின்றது நிழலில் தெரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "ஜமாலு, அந்த ஆளு சேலம் வண்டிக்குக் கடலூர்ல மாறணும் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா லாத்தா. அது பத்து மணிக்கு மேலதான் கௌம்பும்."

"அப்ப போ."

முதல் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் எப்போது வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. பாய் சைக்கிளை எடுத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் என் பக்கம் திரும்பியது. "தம்பி, நீங்களும் கூடப் போங்க. இவன் வழியில எங்கியாவது தூங்கிப்பூடுவான். அந்த ஆளுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா போதும். எப்ப வராருன்னு கேளுங்க. எளைச்சிருக்காரான்னு கேளுங்க. இருமல் இருந்துச்சே, அது என்னாச்சுன்னு."

"ஒண்ணுதான்னு சொன்னியே லாத்தா" என்று சொல்லிக்கொண்டே பாய் மிதித்தார். நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

புவனகிரியிலிருந்து கடலூர் முதுநகர் இருபது மைலுக்கு மேல் இருக்கும். முட்லூர் போவதற்குள்ளேயே எனக்கு மூச்சு இரைத்தது. அங்கேதான் பாய்க்கு நினைவு வந்தது, கேரியரில் முட்டைக் கூடை இருக்கிறது என்று. சிதம்பரம் விடுதிக்குப் போட முதல்நாள் இரவே கட்டி வைத்திருந்தது. டீக்கடையில் இறக்கி வைத்து, "பாத்துக்க, வரும்போது எடுத்துக்கறேன், ஒண்ணு கொறைஞ்சா நீ அவிச்சுத் தின்னதா நெனச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். புதுச்சத்திரம் தாண்டியதும் எதிர்காற்று. கடல் பக்கமிருந்து வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு இரைகிறது. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளில்லாத ரோட்டில் மணியடித்துக்கொண்டே போனார்.

"யாருக்கு பாய் மணி அடிக்கிறீங்க?"

"எனக்குத்தான் சார். முழிச்சிருக்கேனான்னு பாத்துக்கறேன்."

கொஞ்ச தூரம் போய், என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "சின்ன வயசுல மதரசாவுக்கு எழுப்புனா எழுந்துக்கமாட்டேன். லாத்தா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு போயி அங்க உக்கார வெச்சுட்டு வரும். தூங்கிக்கிட்டே போவேன். தூங்கிக்கிட்டே ஓதுவேன். அது இன்னிக்கி ஒரு வேலை சொல்லுச்சு சார். அந்த ஒரு வேலை." சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஜங்ஷனில் சேலம் வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்னும் புறப்படவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு தகரப் பெட்டியின்மேல் நைலான் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியில் வெள்ளை எழுத்தில் சின்னையன், சிங்கப்பூர் என்று இருந்தது. பாய் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இட்லி கீழே விழுந்தது.

"ஜலீல் நானாவோட மச்சினனா? சிதம்பரத்துல ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தனே" என்றார் சின்னையன்.

"தூங்கிட்டேங்க. நம்ம ஒடம்பு அப்படி." பாய்க்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "மச்சான் எப்படி இருக்காரு? லாத்தா இந்நேரம் மணியைப் பாத்துக்கிட்டு நிக்கும். இங்க பத்துன்னா அங்க பன்னெண்டு. கடையில யாவாரம் ஜரூரா இருக்கும், இல்லீங்களா? இப்ப என்னா செஞ்சுக்கிட்டிருப்பாரு?"

"இப்பவா? தூங்கிக்கிட்டு இருப்பாரு" என்றார் சின்னையன்.

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முகம் மாறியது.

"பட்டப்பகல்லயா?" பாய் சிரித்தார். "எங்க வூட்ல அது நான்தாங்க. மச்சான் அப்படி ஆளு இல்லையே."

சின்னையன் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, அடக்கியதெல்லாம் வந்தது. கலவரத்துக்குப் பிறகு முதலாளி கடையை விற்றுவிட்டுப் பினாங்குக்குப் போய்விட்டார். இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஜலீல் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறார். ராத்திரி முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து காவல், பகலில் தூக்கம். "ஜாகா வேலைன்னு ஊருக்குத் தெரிஞ்சா எங்க வூட்ல மனசு வுட்டுடுவாங்க, கையில கொஞ்சம் சேத்துக்கிட்டு வரேன், அதுவரைக்கும் வாயைத் தொறக்காதேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்புனாரு. வந்து எறங்கி நாலு நாள் ஆகலை, நான் சொல்லிட்டேன் பாருங்க."

"எப்ப வருவாரு?"

"இப்போதைக்கு இல்லீங்க."

"எளைச்சிருக்காரா?"

சின்னையன் குனிந்து தகரப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். மணி அடித்தார்கள். பாய் அவர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி ஜன்னல் வழியே நீட்டினார். கீழே விழுந்த இட்லிக்குப் பதில் என்று சொன்னார். வண்டி போய் வெகுநேரம் ஆன பிறகும் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். எனக்குக் கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை. பாய் துண்டை விரித்துப் படுத்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை கேட்கும் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்துகொண்டு இலைகளைப் பார்த்தபடியே கிடந்தார்.

"தூங்கலியா பாய்?"

"வரல சார்." உதிர்ந்த ஒரு இலையை விரலில் சுருட்டிக்கொண்டே, "எட்டு மணிக்கு அவரு தூங்குறாருன்னு லாத்தா புள்ளைங்க வாயைப் பொத்துது. அந்நேரத்துக்கு அவரு அங்க லாந்தரைக் கையில எடுத்துக்கிட்டு கெளம்புறாரு" என்றார். துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனிதர்மேல் எனக்கு அப்போது வந்தது அன்புதான். வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை.

"நல்லா இருக்காரு, கடை நல்லா நடக்குதுன்னு சொல்லிடுங்களேன்" என்றேன்.

"நான் நல்லா இருக்காருன்னு ஆரம்பிச்சா அது நூறு கேள்வி கேக்கும் சார். மூணாவது கேள்வியில நான் மாட்டிக்குவேன். என் மூஞ்சி அப்படி." எழுந்து உட்கார்ந்தார். "தூங்கிட்டேன்னு சொன்னா? ஒரு கேள்வியும் கேக்காது. திட்டும். திட்டட்டும். பொறந்ததுலேந்து அதுக்குத்தான திட்டுது."

அந்த இடத்திலேயே பாய் வீட்டில் சொல்ல வேண்டியதையெல்லாம் அமைத்துக்கொண்டார். ரயில் புறப்பட நேரம் இருந்ததால் ஸ்டேஷன் வாசலில் இதுபோல் ஒரு புளியமரத்தடியில் சற்றுச் சாய்ந்தார். கண் அசந்துவிட்டது. எழுந்து ஓடினால் வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலில் தெரிந்த ஆள், நல்லா இருக்காரு என்று கத்தினார். அவ்வளவுதான். "நல்லா இருக்காருங்கறது மட்டும் காதுல வுழணும். அது இல்லாம லாத்தா தூங்காது" என்றார்.

"நான் எங்கே இருந்தேன் பாய்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் தூங்கிட்டீங்க சார். நம்புவாங்க."

முட்லூரில் முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மாலை அஸர் பாங்கு சொல்லியிருந்தார்கள். வாசலில் ஆண்டி மாட்டோடு நின்றார். சலீமா பீவி ஓடிவந்தார். கதவுக்குப் பின்னால் நிழல் தயாராக இருந்தது. பாய் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் அதைப் பிடித்தபடியே ஒப்பித்தார். நன்றாகத்தான் ஒப்பித்தார்; தூங்கிய இடம்வரைக்கும் வந்தபோது ஆண்டி சிரித்துவிட்டார். யாருக்கும் எள்ளளவும் சந்தேகம் வரவில்லை.

"ஒரு நாள்" என்றார் ஆசியா உம்மாள். "ஒரே ஒரு நாள் நீ முழிச்சிருக்கக் கூடாதாடா? ஒன்னைத் தூக்கிச் சொமந்தனே, இன்னிக்கி நீ எனக்காகக் கண்ணைத் தொறந்து வெச்சிருக்கக் கூடாதா?" பாய் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி, நீங்களாவது எழுப்பியிருக்கக் கூடாதா? அதுக்குத்தானே ஒங்களை அனுப்புனேன்."

"நானும் அசந்துட்டேம்மா" என்றேன்.

"சாரும் பாய் கட்சியில சேந்துட்டாரு" என்றார் ஆண்டி. மறுநாளிலிருந்து சொசைட்டியில் எனக்குப் 'பாய் கட்சி' என்றுதான் பெயர்.

பாய் போட்ட கணக்கின்படி இதோடு முடிந்திருக்க வேண்டும். திட்டு வாங்கியாயிற்று, இனி கேள்வி இல்லை. ஆனால் ஆசியா உம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, மெதுவாகக் கேட்டார். "நல்லா இருக்காருன்னு சொன்னாரு இல்ல? சொல்லும்போது அந்த ஆளு மூஞ்சி எப்படி இருந்துச்சு ஜமாலு? சிரிச்சுக்கிட்டா சொன்னாரு?"

பாய் அண்ணாந்து அக்காளைப் பார்த்தார். அவர் முகத்தில் புளியமரத்தடியில் நான் பார்த்தது மறுபடி வரப் பார்த்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் எல்லாம் போய்விடும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் கொட்டாவி விட்டு நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தைப் பாக்கி வைக்கிறவர்களுக்குத்தான் அது வரும் என்பார். விடிந்ததிலிருந்து நாற்பது மைலுக்கு மேல் மிதித்து, ஒரு கண்கூட மூடாமல் வந்து நின்ற ஜமால் பாய், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டு, முகமே தெரியாதபடி வாயை அகலத் திறந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.